ரெங்கத்திலிருந்து பாத்தாமுக்கு: முதல் தடவை பெர்ரி ஏறப் போகிறவர்களுக்கு

சிங்கப்பூரும் இந்தோனேசியாவின் பாத்தாமும் எதிரெதிரே இருக்கும் இரண்டு தீவு நகரங்கள். இடையில் சுமார் 20 கிலோமீட்டர் கடல். வேகப் படகு ஒரு மணி நேரத்தில் கடந்துவிடும். மலேசியாவில் ஜொகூர் மாநிலத்தின் ரெங்கம், லாயாங் லாயாங், குளுவாங் வட்டாரத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவது புதிதல்ல. இப்போது அந்தப் பிள்ளைகள் லீவு கிடைத்தால் அம்மா அப்பாவையும் பாத்தாமுக்கு அழைத்துக்கொண்டு போகிறார்கள். கிளம்புவதற்கு முன்னால் பெரியவர்கள் கேட்பதெல்லாம் கடலைப் பற்றித்தான்: அலை அடிக்குமா, வாந்தி வருமா, படகு பத்திரமா? கடலில் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. பயணம் கெடுவதெல்லாம் கரையில். வரிசையில் கரைந்துபோகும் நேரம், மூடிவிட்ட கவுண்டர், நிரப்பாமல் விட்ட படிவம், ஒரு மணி நேரம் தள்ளிக் காட்டும் கடிகாரம், இவைதான் காலை வாருகின்றன. அதனால் இங்கே கரைக் கதைதான் அதிகம்.

எந்தத் துறையில் ஏறுவது?

ஜொகூர்க்காரர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஜொகூர்பாருவில் ஸ்துலாங் லாவுட் துறையிலிருந்து பாத்தாமுக்கு நேராகவே படகு உண்டு. இல்லாவிட்டால் கடற்பாலம் தாண்டி சிங்கப்பூருக்குள் போய், ஹார்பர்ஃபிரண்டில் ஏறலாம்.

ஸ்துலாங்கில் ஏறினால் மலேசியாவை விட்டு வெளியேறும் சோதனை ஒன்று, இந்தோனேசியாவுக்குள் நுழையும் சோதனை ஒன்று, அவ்வளவுதான். சிங்கப்பூர் வழியில் மலேசியாவிலிருந்து வெளியே, சிங்கப்பூருக்குள், சிங்கப்பூரிலிருந்து வெளியே, இந்தோனேசியாவுக்குள் என்று நான்கு. போய்வர எட்டு. கடலில் இருக்கும் நேரம் மட்டும் ஸ்துலாங் வழியில் கூடுதல், ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. படகு சிங்கப்பூரின் கிழக்கு முனையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஒரு நாளைக்கு ஓடும் படகுகளும் அங்கே குறைவு.

என்னைக் கேட்டால், முழுக் குடும்பமும் ரெங்கத்திலிருந்தே கிளம்புகிறது, கூடவே மூட்டு வலிக்காரப் பாட்டியும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள் என்றால் யோசிக்காமல் ஸ்துலாங் போங்கள். மகனோ மகளோ சிங்கப்பூரிலேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறார், அங்கிருந்துதான் எல்லாரும் சேர்ந்து போகிறீர்கள், அல்லது காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டும் என்றால் சிங்கப்பூர் வழி. அங்கே படகுகள் நாள் முழுக்க ஓடுகின்றன. குழப்பமும் அந்த வழியில்தான் அதிகம் என்பதால் மீதியை அதைப் பற்றியே சொல்கிறேன்.

சிங்கப்பூரில் பெர்ரி துறை இரண்டு இருப்பதையும் கவனியுங்கள். ஹார்பர்ஃபிரண்ட் தெற்கே, விவோசிட்டி கடைத்தொகுதிக்குப் பக்கத்தில். தானா மேரா கிழக்கே, சாங்கிப் பக்கம். பிந்தான் தீவுக்குப் போகும் படகுகளும், பாத்தாமின் நொங்சா பகுதிக்குப் போகும் படகுகளும் தானா மேராவில்தான் கிளம்பும். அங்கே போக எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். பாத்தாமிலும் இறங்குதுறை ஒன்றல்ல: பாத்தாம் சென்டர், செக்குப்பாங், ஹார்பர் பே, நொங்சாபுரா. முதல் தடவை போகிறவர்கள் ஹார்பர்ஃபிரண்டில் ஏறி பாத்தாம் சென்டரில் இறங்குவது சுலபம். இறங்கிய இடத்துக்கு எதிரிலேயே மெகா மால் இருக்கிறது. மழை பெய்தாலும் தவிக்க வேண்டாம். டிக்கெட் வாங்கும்போது இரண்டு துறையின் பெயரையும் படித்துப் பாருங்கள். ஹார்பர் பே பாத்தாமில், ஹார்பர்ஃபிரண்ட் சிங்கப்பூரில். அவசரத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

கடப்பிதழ்

ஒரு நாள் பயணம்தானே என்று பார்க்காதீர்கள், கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். மலேசியக் கடப்பிதழ் இருந்தால் இந்தோனேசியாவுக்கு விசா வேண்டாம், 30 நாள் வரை இருக்கலாம். சிங்கப்பூருக்கும் விசா இல்லை. குழந்தைக்குத் தனிக் கடப்பிதழ் கட்டாயம், பிறப்புப் பத்திரத்தைக் காட்டிக் கடக்க முடியாது.

தோட்டத்திலேயே பிறந்து, தோட்டத்திலேயே உழைத்து ஓய்ந்தும், இன்னும் குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. மலேசியக் கடப்பிதழ் குடிமக்களுக்கு மட்டும்தான். அவர்களுக்கு என்ன பயணப் பத்திரம் கிடைக்கும், அதை வைத்து மற்ற இரண்டு நாடும் உள்ளே விடுமா என்று விசாரித்த பிறகுதான் டிக்கெட்டைத் தொட வேண்டும். துறைமுகத்துக்கு அழைத்துப் போய்ப் பார்ப்போம் என்பது அந்தப் பெரியவருக்குச் செய்யும் அவமானம்.

ஊரிலிருந்து வந்திருக்கும் சொந்தக்காரர் இந்தியக் கடப்பிதழ் வைத்திருந்தால் அது வேறு கணக்கு. சிங்கப்பூருக்கு அவருக்கு விசா வேண்டும். இந்தோனேசியாவில் இறங்கியதும் கட்டணம் கட்டி விசா வாங்க வேண்டும். சிங்கப்பூர் விசா ஒருமுறை மட்டும் நுழையும் விசாவாக இருந்தால், பாத்தாம் போனவர் அதை வைத்துத் திரும்ப உள்ளே வர முடியாது. விசா தாளில் எத்தனை முறை என்று எழுதியிருக்கும், பாருங்கள்.

அப்புறம் பெயர். டிக்கெட் படிவங்களில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்பார்கள். நமக்கு இருப்பது சொந்தப் பெயரும் தகப்பன் பெயரும், நடுவில் மகன், மகள் என்று குறிக்கும் ஒரு ஏ/எல் அல்லது ஏ/பி. சொந்தப் பெயரை ஒரு கட்டத்திலும் தகப்பன் பெயரை மற்றதிலும் போடுங்கள். நடுவிலிருக்கும் சாய்கோட்டைப் படிவம் ஏற்காவிட்டால் கோட்டை மட்டும் விட்டுவிட்டு எழுத்துகளை வையுங்கள். எழுத்துக்கூட்டு கடப்பிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். கடப்பிதழ் எண்ணைத் தட்டி முடித்ததும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். கடப்பிதழைப் புதுப்பித்தவர்களுக்கு எண் மாறியிருக்கும், பழைய எண் கைபேசியில் சேமித்தபடியே கிடந்து படிவத்தில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

படிவங்கள்

முன்பு படகிலேயே வெள்ளை அட்டை கொடுப்பார்கள், பக்கத்து இருக்கைக்காரரிடம் பேனா இரவல் வாங்கி எழுதுவோம். இப்போது எல்லாம் கைபேசியில். கைபேசியோடு பழக்கமில்லாதவர்களுக்கு இதுதான் மிகவும் பயமான கட்டம், ஆனால் உண்மையில் இரண்டே படிவம்.

ஒன்று, சிங்கப்பூர் வருகை அட்டை. எல்லாரும் எஸ்ஜி அரைவல் கார்டு என்றே சொல்கிறார்கள். சிங்கப்பூர் குடிநுழைவு ஆணையத்தின் இணையத்தளத்திலோ மைஐசிஏ செயலியிலோ நிரப்பலாம். கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற தளம் அரசாங்கத்துடையது அல்ல, உடனே மூடிவிடுங்கள். போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். போன வாரமே முடித்து வைக்கலாம் என்று நினைத்தால் நடக்காது.

இந்த அட்டையில் ஆட்கள் தடுமாறுவது இரண்டு இடத்தில். சிங்கப்பூரில் வேலை அனுமதி வைத்திருப்பவர் உட்லண்ட்ஸ் அல்லது துவாஸ் வழியாகத் தரையில் வரும்போது இதை நிரப்ப வேண்டியதில்லை. தினமும் அப்படியே போய்வந்து பழகியவர், பாத்தாமிலிருந்து கடல் வழியாகத் திரும்பும்போதும் தனக்குத் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார். கடல் வழியில் அவரும் நிரப்ப வேண்டும். குடும்பத்துக்கெல்லாம் படிவம் போட்டுக் கொடுத்துவிட்டுத் தனக்கு மட்டும் போடாமல் வருகிறவர் பெரும்பாலும் இந்த பெர்மிட்காரராகத்தான் இருப்பார்.

மற்றது, பெர்மிட் இல்லாமல் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள். சனிக்கிழமை காலை உட்லண்ட்ஸில் நுழைய ஓர் அட்டை. ஞாயிற்றுக்கிழமை பாத்தாமிலிருந்து சிங்கப்பூருக்குள் வருவது புதிய நுழைவு, அதற்குப் புதிய அட்டை. பழையது செல்லாது. இரண்டாவது அட்டையை முன்கூட்டியே போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சிங்கப்பூரை விட்டு வெளியேறிய பிறகு, ஹோட்டலில் வைஃபை கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்து நிதானமாகச் செய்யுங்கள்.

இந்தோனேசியாவுக்கு ‘ஆல் இந்தோனேசியா’ என்ற மின்படிவம். 2025-ல் வந்தது. குடிநுழைவு, சுங்கம், சுகாதாரம் என்று தனித்தனியாகக் கேட்டதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். இதற்கும் கட்டணம் இல்லை. முடிந்ததும் ஒரு கியூஆர் கட்டம் வரும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், துறையில் இறங்கும் நேரத்தில் இணையம் கிடைக்கும் என்று நம்பி நிற்காதீர்கள்.

வயதானவர்களின் படிவங்களையும் வீட்டுப் பிள்ளை ஒரே கைபேசியில் செய்துவிடலாம். அப்படிச் செய்தால் அந்தக் கைபேசிக்காரர் வரிசையில் முன்னால் போகக் கூடாது, கடைசியில் நிற்க வேண்டும். அவர் முதலில் கடந்துவிட்டால் பின்னால் இருக்கும் அப்பாவின் கியூஆர் கட்டம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விடும். இன்னும் நல்ல வழி, ஒவ்வொருவருடையதையும் தாளில் அச்சடித்து அவரவர் கடப்பிதழுக்குள் வைத்துவிடுவது.

டிக்கெட்

பாத்தாம் ஃபாஸ்ட், சிண்டோ, மெஜஸ்டிக், ஹொரைசன் ஆகிய நிறுவனங்களின் படகுகள் ஓடுகின்றன. எல்லாவற்றுக்கும் இணையத்தில் முன்பதிவு உண்டு. நேரமும் விலையும் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் பார்ப்பதே சரி. விளம்பர விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். துறைமுகக் கட்டணமும் எரிபொருள் கூடுதல் கட்டணமும் சேர்ந்தால்தான் உண்மையான தொகை. திரும்பி வரும்போது பாத்தாமில் கட்ட வேண்டிய துறைமுகக் கட்டணம் அதில் அடங்கியிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

போய்வரும் டிக்கெட்டில் திரும்பும் நேரத்தை இப்போதே குறிப்பதா, திறந்து விடுவதா என்று கேட்பார்கள். திறந்து விட்டால் பாத்தாமில் போய் இடத்தை உறுதி செய்ய வேண்டும். சாதாரணச் செவ்வாய், புதன் என்றால் பரவாயில்லை. வார இறுதி, பள்ளி விடுமுறை, நோன்புப் பெருநாள், நீண்ட விடுமுறை என்றால் நேரத்தைக் குறித்தே வாங்குங்கள். ஒரு நிறுவனத்தின் டிக்கெட்டோடு இன்னொரு நிறுவனத்தின் கவுண்டரில் போய் நின்றால் பொதுவாகக் கையை விரிப்பார்கள்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

பாத்தாமின் கடிகாரம் சிங்கப்பூர், மலேசியக் கடிகாரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் எந்தத் துறையில் ஏறுகிறீர்களோ அந்த ஊர் நேரம். காலை 10 மணிக்கு சிங்கப்பூரில் கிளம்பினால், ஒரு மணி நேரம் கடலில் போய், பாத்தாமில் இறங்கும்போது அங்கே மணி 10. போகும்போது கிடைத்த அந்த ஒரு மணி நேரத்தை வரும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும்: பாத்தாமில் மாலை 5 மணிக்குக் கிளம்பினால் சிங்கப்பூரில் இறங்கும்போது இரவு 7.

இதில் கைபேசி ஒரு வேலை செய்யும். பாத்தாம் கரையோரம் சில இடங்களில் அது சிங்கப்பூர்க் கோபுரத்தின் அலையைப் பிடித்துக்கொண்டு சிங்கப்பூர் நேரத்தைக் காட்டும், ஹோட்டலுக்கு உள்ளே வந்ததும் மாறும். தானாக நேரம் மாறும் வசதியை அணைத்துவிட்டு நீங்களே பாத்தாம் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கைக்கடிகாரம் கட்டுகிறவர் யாராவது கூட்டத்தில் இருந்தால் அவரிடமே நேரப் பொறுப்பைக் கொடுத்துவிடலாம்.

இப்போது சனிக்கிழமை காலை 10 மணிப் படகு என்று வைத்துக்கொண்டு பின்னாலிருந்து வருவோம். படகு கிளம்பும் நேரம் வரை கவுண்டர் திறந்திருக்காது. பொதுவாக அரை மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள், வாசலும் அதற்குப் பின்னால் மூடும். அதனால் 8:30-க்கு ஹார்பர்ஃபிரண்டில் நிற்க வேண்டும். சிங்கப்பூரின் வடக்கே இருக்கும் கிராஞ்சியிலிருந்து அங்கே எம்ஆர்டியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், நடையையும் சேர்த்து 7:15-க்கு கிராஞ்சி. இரண்டு சோதனைச் சாவடி, இடையில் பஸ், வரிசை எல்லாவற்றுக்கும் ஒன்றரை மணி நேரம் விடுங்கள்: 5:45-க்கு ஜொகூர்பாரு. ரெங்கத்திலிருந்து அங்கே போகவும் வண்டியை நிறுத்தவும் ஒன்றே முக்கால் மணி நேரம். ஆக, விடிகாலை 4 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ரப்பர் பால்வெட்டுக்கு எழுந்து பழகியவர்களுக்கு நாலு மணி ஒரு விஷயமே இல்லை. எழுப்ப முடியாதவர் சிங்கப்பூரில் வேலை செய்யும் பேரன்தான்.

2025 ஜனவரியிலிருந்து ஜொகூரில் வார விடுமுறை மறுபடியும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. சிங்கப்பூர்க்காரர்கள் வெள்ளி இரவிலும் சனி காலையிலும் ஜொகூர் பக்கம் வருகிறார்கள், நாம் அந்த நேரத்தில் எதிர்ப் பக்கம் போகிறோம். அதனால் கடற்பாலத்தில் நமக்குக் கொஞ்சம் மூச்சு விடலாம். படகுத் துறையில் அப்படி இல்லை. சனி காலை பாத்தாம் போகிற கூட்டமும் ஞாயிறு மாலை திரும்புகிற கூட்டமும் நாமும் ஒரே திசை. எனவே முடிந்தால் சனியன்று முதல் படகுகளில் ஒன்றில் போய், ஞாயிறு மதியமே திரும்புங்கள். ஒரு நாள் லீவு போட்டு திங்கள் மதியம் திரும்ப முடிந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

வழி: லார்கின் பஸ் நிலையத்திலோ ஜேபி சென்ட்ரலிலோ சிங்கப்பூர் பஸ் ஏறலாம். வண்டியை இரண்டு நாள் நிறுத்துவதாக இருந்தால் லார்கின் வசதி. 170-ம் எண் பஸ் கிராஞ்சி வழியாகப் போகும், காஸ்வே லிங்க் பஸ்களும் உண்டு. ஒவ்வொரு சாவடியிலும் எல்லாப் பைகளோடும் இறங்கி, சோதனை முடிந்து, அதே நிறுவனத்தின் அடுத்த பஸ்ஸில் ஏற வேண்டும். காகித டிக்கெட் கொடுத்திருந்தால் அதைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள், மறுபடி காட்டச் சொல்வார்கள். கிராஞ்சியில் சிவப்புப் பாதை ரயில் ஏறி பீஷானில் இறங்கி, ஆரஞ்சு நிற வட்டப் பாதைக்கு மாறினால் ஹார்பர்ஃபிரண்ட். தட்டிச் செல்லும் வசதியுள்ள வங்கி அட்டை இருந்தால் ரயிலுக்குத் தனி அட்டை வாங்க வேண்டாம், ஆனால் ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும்.

பையில் வைக்கக் கூடாதவை

நாம் போவது இந்தோனேசியா, ஆனால் இரண்டு முறை சிங்கப்பூருக்குள் நுழைகிறோம். சிங்கப்பூர்ச் சட்டம் பையை இரண்டு முறை பார்க்கும் என்று நினைத்துக்கொண்டு கட்டுங்கள்.

வேப் எனும் மின்சிகரெட் இந்தோனேசியாவில் கடையில் விற்கிறார்கள். சிங்கப்பூரில் வைத்திருப்பதே குற்றம், 2025 செப்டம்பரிலிருந்து தண்டனை இன்னும் கடுமையாகிவிட்டது. சும்மா கடந்து போகத்தானே கொண்டுவந்தேன் என்ற சமாதானம் எடுபடாது. வெற்றிலை போடும் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் சுருக்குப்பையையும் பாருங்கள்: வாயில் மெல்லும் புகையிலையும் மூக்குப்பொடியும் அங்கே தடை. சிகரெட்டுக்கு வரிவிலக்கு கிடையவே கிடையாது, ஒரு பாக்கெட்டானாலும் சொல்லி வரி கட்ட வேண்டும். மதுவுக்கு விலக்கு உண்டு என்றாலும் 48 மணி நேரத்துக்குக் குறையாமல் சிங்கப்பூருக்கு வெளியே இருந்திருக்க வேண்டும், மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அதுவும் இல்லை. ஓரிரவு தங்கிவிட்டு பாத்தாமில் பாட்டில் வாங்கி வருகிறவர்கள் சிக்குவது இங்கேதான். பாத்தாமிலிருந்து இறைச்சிப் பண்டங்களும் வேண்டாம். சூயிங்கம்மையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

மருந்து மாத்திரைகளை அதன் பெட்டியோடு, மருத்துவர் சீட்டோடு கொண்டுபோங்கள். துறையில் யாராவது, நம்ம ஆளாகவே இருந்தாலும், ஒரு பொட்டலத்தைக் கொடுத்து அந்தப் பக்கம் சேர்த்துவிடச் சொன்னால் வாங்காதீர்கள். சிங்கப்பூர், இந்தோனேசியா இரண்டிலும் போதைப்பொருளுக்கு மரண தண்டனை உண்டு.

ஹார்பர்ஃபிரண்டில்

இணையத்தில் வாங்கிய டிக்கெட்டை வைத்து நேராகப் படகில் ஏற முடியும் என்று நினைக்க வேண்டாம். பெர்ரி முனையத்துக்கான பலகைகளைப் பார்த்துக்கொண்டே போய், உங்கள் நிறுவனத்தின் கவுண்டரைக் கண்டுபிடித்து, எல்லாருடைய கடப்பிதழையும் காட்டி ஏறும் சீட்டு வாங்க வேண்டும். பெரிய பைகளை அங்கேயே எடை போட்டுக் கொடுத்துவிடலாம், பாத்தாமில் அவை இறங்கி வரக் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும். ஓரிரவுப் பயணத்துக்கு ஆளுக்கு ஒரு தோள்பை போதும். அப்படி வந்தவர்கள்தான் பாத்தாமில் குடிநுழைவு வரிசையின் முன்னால் நிற்பார்கள்.

சாப்பாடு, கழிவறை எல்லாம் உள்ளே போவதற்கு முன்னாலேயே. குடிநுழைவு தாண்டிய பிறகு காத்திருக்கும் கூடம் சிறியது. ஏறும் சீட்டில் வாசல் எண் இருக்கும், சில சமயம் மாறும், அறிவிப்பைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு படகுக்கு ஆள் ஏறும், முன்னால் போகும் கூட்டத்தின் பின்னாலேயே போய்விடாதீர்கள்.

படகில்

சாதாரண வகுப்பில் இருக்கை எண் கிடையாது, கிடைத்த இடத்தில் உட்காரலாம். தலைசுற்றல் வருகிறவர்கள் கீழ்த்தளத்தில் நடுவிலோ பின்பக்கமோ உட்கார்ந்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும். மாத்திரை போடுவதானால் ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும், ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. குளிர்சாதனம் ஐஸ்பெட்டி மாதிரி இருக்கும், பெரியவர்களுக்கு ஒரு சால்வை எடுத்து வையுங்கள். உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது என்று உட்கார்ந்ததும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

சன்னல் ஓரம் கிடைத்தால் விடாதீர்கள். உலகத்திலேயே கப்பல் நெரிசல் மிகுந்த நீர்வழிகளில் சிங்கப்பூர் நீரிணை ஒன்று. எண்ணெய்க் கப்பல்களும் கொள்கலன் கப்பல்களும் கிழக்கே போக ஒரு தடம், மேற்கே போக ஒரு தடம் என்று சாலை விதிபோல் ஒதுக்கியிருக்கிறார்கள். நம் படகு அந்த இரண்டு தடத்தையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. நடுக்கடலில் படகு திடீரென்று வேகத்தைக் குறைத்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ஒரு பெரிய கப்பலுக்கு வழி விடுகிறது.

நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் ஆட்டம் சற்றுக் கூடும், கிழக்கே நொங்சா, பிந்தான் பக்கம் இன்னும் தெரியும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடிகாலையிலும் முற்பகலிலும் சுமத்ரா பக்கமிருந்து திடீர்க் காற்று மழை வரும். அதனால் படகு தாமதமானால் கவுண்டரில் சத்தம் போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை, அது அடித்துவிட்டுக் கடந்துவிடும்.

இறங்கியதும்

கடப்பிதழ், கியூஆர் கட்டம், திரும்பும் டிக்கெட் மூன்றும் கையில் இருக்கட்டும். எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள் என்று கேட்டால் மலாயிலேயே பதில் சொல்லலாம், நமக்கு அது பெரிய வசதி. வெளியே வந்ததும் பை தூக்கவும் டாக்சிக்கும் நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். வேண்டாம் என்று சிரித்தபடி சொல்லிவிட்டு எதிரிலிருக்கும் மெகா மாலுக்கு நடந்துவிடுங்கள். அங்கே உட்கார்ந்து கிராப், கோஜெக் டாக்சிச் செயலிகள் இரண்டிலும் விலை பார்க்கலாம். டாக்சியே எடுப்பதானால் ஏறுவதற்கு முன் தொகையைப் பேசிவிட வேண்டும்.

பணத்தில் சுழியங்கள் தலையைச் சுற்றவைக்கும். லட்சம் ரூப்பியா தாள் முப்பது ரிங்கிட்டுக்கும் கீழே என்று ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும். 2023-லிருந்து கைபேசியில் பணம் கட்டும் நம் டூயிட்நவ் கியூஆர் அங்குள்ள கடைகளின் குரிஸ் கட்டங்களில் வேலை செய்கிறது, உங்கள் வங்கிச் செயலியில் அந்த வசதி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். சாலையோரக் கடைக்கும் கழிவறைக்கும் சில்லறைத் தாள் வேண்டும்.

எங்கே போவது என்பது அவரவர் விருப்பம். நகோயா பக்கம் கடைத்தெரு, தெற்கே தீவுகளை இணைக்கும் பாரெலாங் பாலங்கள், பெரியவர்களுக்கு பாலி முறையில் கட்டிய அமெர்த்த புவனா கோயில். வீட்டுக்கு வாங்கிவர லாப்பிஸ் கேக். சைவம் சாப்பிடுகிறவர்கள் சம்பாலைத் தொடுவதற்கு முன் பெலாச்சான் எனும் இறால் விழுது இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் இருக்கும். அங்கே அதை தெராசி என்பார்கள்.

திரும்பும்போது

பாத்தாம் சென்டரிலும் அதே முறைதான்: கவுண்டர், ஏறும் சீட்டு, குடிநுழைவு, காத்திருப்பு. ஞாயிறு மாலை அங்கே கூட்டம் தேர்த்திருவிழாதான், அதனால் ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். கடைசிப் படகை நம்பித் திட்டம் போடாதீர்கள். அதைத் தவறவிட்டால் ஹோட்டல் செலவு மட்டுமில்லை, மறுநாள் காலை வேலையும் போச்சு. சிங்கப்பூர் வருகை அட்டை எல்லாருக்கும் போட்டாகிவிட்டதா என்று கிளம்புவதற்கு முன் ஹோட்டல் வரவேற்பறையிலேயே ஒருமுறை ஆள் ஆளாகக் கேளுங்கள்.

ஹார்பர்ஃபிரண்டில் இறங்கும்போது மணி ஏழு என்றால், சோதனை, ரயில், கிராஞ்சி பஸ், இரண்டு சாவடி எல்லாம் தாண்டி ஜொகூர்பாருவில் நிற்க பத்து மணிக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் குளுவாங் பக்கம் பஸ் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வண்டியை லார்கினில் விட்டிருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் யார் வந்து அழைத்துப் போவது என்பதைப் பாத்தாமுக்குக் கிளம்பும் முன்பே பேசி வைத்துவிட வேண்டும். வருகிறவரிடம் சாவடிக்கு வெளியே வந்த பிறகு போன் செய்கிறோம் என்று சொல்லுங்கள், மணி குறிப்பிட்டுச் சொல்லிவிடாதீர்கள்.